எல்லோரும் 'சுகப் பிரசவம்' என்றார்கள்

பாபநாசம் பக்கம், ஒரு பையனின் அம்மா:

என் தாய்வீட்டுக் கொல்லையை ஒட்டி ஆயில் எஞ்சின் கொட்டகை இருக்கிறது. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வராத நாட்களில் அப்பா அதைத்தான் ஓட்டுவார். ஓடும்போது எனக்கு ஒன்றும் செய்யாது. நிறுத்தும்போது அந்தத் தடதட சத்தம் விட்டு விட்டு இழுத்துக்கொண்டே அடங்கும் பாருங்கள், அப்போது கை கால் சில்லிட்டுப்போகும். எழுந்து ஓடிப் போய்த் தொட்டிலுக்குள் கையை விட்டு, பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பேன். பிரசவமாகி இரண்டு மாதம் வரை இது ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

41 வாரம் ஆகியும் வலி எடுக்கவில்லை. பனிக்குட நீரும் குறைந்துவிட்டது என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். வலி எடுக்கவைக்கக் காலையில் ஜெல் வைத்தார்கள், மாலையில் இன்னொரு முறை. மறுநாள் ட்ரிப்ஸில் வலியை வரவழைக்கும் மருந்து ஏற்றினார்கள். வலி அலை அலையாக வரும், நடுவில் ஓய்வு கிடைக்கும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அந்த நடு என்பதே இல்லாமல் போயிற்று. கத்தினேன். "இதற்கே இப்படிக் கத்தினால் எப்படி?" என்றார் ஒருவர். யார் யாரோ வந்து உள்பரிசோதனை செய்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடவில்லை. வயிற்றில் கட்டியிருந்த கருவியிலிருந்து குழந்தையின் இதயத்துடிப்பு அறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு அந்தச் சத்தம் மெதுவானது. ஓடிவந்தார்கள். தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் வாக்குவம் கருவியைப் போட்டு எடுத்தார்கள். குழந்தை அழவில்லை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். தையல் போட்டு முடிக்கும் வரை பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி போயிருந்தது: ஆண் குழந்தை, சுகப் பிரசவம்.

அந்த ஒரு சொல் என் வாயை அடைத்துவிட்டது. வயிற்றைக் கிழிக்கவில்லை, பிள்ளை கையில் இருக்கிறது, இதற்குமேல் என்ன வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். ஏழாம் மாதத்திலிருந்து அம்மா திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் வாங்கிவந்த விளக்கெண்ணெயை என் வயிற்றில் தடவிவிட்டார். கர்ப்பரட்சாம்பிகை காப்பாற்றினாள் என்று அவர் கைகூப்பும்போது, நடந்ததை நினைத்து அழும் நான் அவளுக்கு நன்றி கெட்டவள் ஆகிவிட்டேனோ என்று உள்ளுக்குள் குமைந்தேன். பத்தியச் சோறும் லேகியமும் நேரத்துக்கு வந்தன. பச்சை உடம்புக்காரி அழக்கூடாது, பால் வற்றிவிடும் என்றார்கள். நானும் அழுவதை இரவுக்கு ஒதுக்கிவைத்தேன்.

10ஆவது வாரத் தடுப்பூசிக்குப் போன புதன்கிழமை, கிராம சுகாதார செவிலியர் குழந்தையின் எடையைக் குறித்துவிட்டு, "நீ தூங்குகிறாயா அம்மா?" என்று கேட்டார். அத்தனை நாளில் என்னைப் பற்றிக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர்தான் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். அங்கே கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள் கேட்டார்கள். 1987 முதல் உலகம் முழுக்கப் பிரசவித்த பெண்களிடம் கேட்கப்படும் எடின்பரோ கேள்வித்தாள் அது. பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. இல்லை என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. மருத்துவர் பதறவுமில்லை, திட்டவுமில்லை. பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரம் வரை காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானே சரியாகிவிடும், உனக்கு இருப்பது வேறு என்றார். விபத்தில் தப்பியவர்களுக்குக் கெட்ட கனவு வருவதும், அந்த இடத்தைத் தாண்டவே பயப்படுவதும், ஒரு சத்தத்தில் எல்லாம் திரும்ப நடப்பதும் போல, பிரசவத்துக்குப் பிறகும் வரும் என்றார். எஞ்சின் சத்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மனம்விட்டுப் பேசும் சிகிச்சைக்கு நான்கு மாதம் போய்வந்தேன். ஆனால் என்னைத் திருப்பிப் போட்டது என் கேஸ் ஷீட். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும விதிகளில் இருக்கிறது. கணவர் எழுதிக் கொடுத்து நகல் வாங்கிவந்தார். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற என் சித்தி, திண்ணையில் உட்கார்ந்து அதை வரி வரியாக எனக்குப் படித்துக் காட்டினார். 2.10க்கு இதயத்துடிப்பு குறைந்திருக்கிறது. 2.12க்கு ட்ரிப்ஸை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த மருந்து சிலர் உடம்பில் வலியை இடைவெளியே இல்லாமல் கொண்டுவந்துவிடும், நிறுத்தினால் சில நிமிடங்களில் அடங்க ஆரம்பிக்கும் என்று சித்தி விளக்கினார். அப்படியானால் எனக்கு வலி பொறுக்கத் தெரியாமல் போகவில்லை. மூச்சு கொடுக்கும் பை வைத்த பிறகு ஒன்றரை நிமிடத்தில் குழந்தை அழுததும் எழுதியிருந்தது. பக்கத்து அறையில் அழுதிருக்கிறான், எனக்குத்தான் கேட்கவில்லை. அந்த வரியை மட்டும் சித்தியை நான்கு முறை படிக்கச் சொன்னேன்.

சொல்லாமல் தொட்டதற்கும், தையல் போட்ட அந்த நேரம் முழுக்க வாயைத் திறக்காததற்கும் எனக்குக் கோபம் இருக்கிறது. அது போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பாட்டி:

அம்மாடி, சுனாமிக்குப் பிறகு முகாமில் எங்களோடு ஆலோசகர்கள் வந்து உட்கார்ந்து பேசினார்கள். அலைச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடினோம், அது பைத்தியம் இல்லை என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஊரே சேர்ந்து பட்டதால் எங்களை யாரும் "அப்புறம் என்ன" என்று கேட்கவில்லை. நீ தனியாகப் பட்டிருக்கிறாய். என் மருமகளுக்கும் வலி வரவழைக்கும் மருந்து கொடுத்துத்தான் குழந்தை பிறந்தது. ஆறு மாதம் பேசாமலே இருந்தாள். திமிர் என்று நினைத்தேன். இன்று நீ எழுதியதைப் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். தப்பு செய்துவிட்டேன்.

திருவாரூர், இரண்டாவது குழந்தைக்குக் காத்திருப்பவள்:

அக்கா, எனக்கு இது 8ஆம் மாதம். முதல் பிரசவம் உங்களுடையதைப் போலத்தான். இந்த முறை நாள் தள்ளிப்போய்விடுமோ என்று காலண்டரைப் பார்க்கவே பயம். ஒரு நள்ளிரவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அரசின் மனநல உதவி எண் அது, பேசினேன். தமிழிலேயே பேசினார்கள், பணம் கிடையாது. நான் பார்க்கும் அரசு மருத்துவமனையில் பிரசவ அறைக்குள் உடன் ஒரு பெண் இருக்க அனுமதி உண்டு. என் பெரியம்மா வருகிறார். என்ன செய்தாலும் முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுவைத்திருக்கிறேன். சரி என்று அட்டையில் குறித்துக்கொண்டார்.

மன்னார்குடியிலிருந்து ஒரு கணவர்:

சகோதரி, நான் கதவுக்கு வெளியே நின்றவன். நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். உள்ளே அவள் கத்தியதைக் கேட்டேன். பிறகு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். நான்கு வருடம் ஆகிறது, அந்த இரவைப் பற்றி அவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டால் ஆறிய புண்ணைக் கிளறுவது ஆகுமோ என்று பயந்தேன். இப்போது அது ஆறியதா என்பதே எனக்குத் தெரியவில்லை.

பாபநாசத்து அம்மா மறுபடியும்:

கேளுங்கள் அண்ணா. பேச விருப்பம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். பேசத் தொடங்கினால், நடுவில் "குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

திருவாரூர்த் தங்கைக்கு: பிரசவம் முடிந்ததும் உன் பெரியம்மாவை எனக்கு ஒரு வரி எழுதச் சொல். காத்துக்கொண்டிருப்பேன்.

பாட்டி, உங்கள் மருமகள் பக்கத்தில்தானே இருக்கிறார்?

என் அப்பாவிடம் எஞ்சின் விஷயத்தைப் போன வருடம்தான் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டார். இப்போது நான் ஊருக்கு வந்திருக்கும் நாட்களில், கொட்டகையிலிருந்து முதலில் அவர் குரல் வரும்: "அம்மா, நிறுத்தப் போகிறேன்." நான் சரி என்ற பிறகுதான் நிறுத்துகிறார்.