ஆடிப்பெருக்கன்று மகனை அவன் தந்தையின் ஊருக்கு அனுப்பலாமா?

அரசலாறு, கும்பகோணம்:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் பிரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏழு வயது நிறையப்போகும் எங்கள் மகன் என்னுடன் கும்பகோணத்தில், என் தாய் வீட்டில் வளர்கிறான். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. இடைக்கால உத்தரவின்படி மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், நீதிமன்ற வளாகத்திலேயே, இரண்டு மணி நேரம் தந்தை அவனைப் பார்த்துச் செல்கிறார். மன்னார்குடிக்கு அருகே விவசாயம் செய்யும் அவர், ஒரு முறைகூடத் தாமதமாக வந்ததில்லை என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

சென்ற முறை அவர் எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்திருந்த கொழுக்கட்டையைத் தின்றுகொண்டிருந்த பையன், தாழ்வாரத்தில் நின்ற காவலரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்பா ஏதாவது தப்பு செஞ்சாங்களா, அதனாலதான் இங்க வந்து பாக்குறோமா?" என்று என்னிடம் கேட்டான். அன்றிலிருந்து எனக்கு உறக்கம் சரியாக இல்லை.

இப்போது அவர், ஆடிப் பதினெட்டன்று காலையிலிருந்து மாலை வரை பையனைத் தம் ஊருக்கு அழைத்துச் செல்ல அனுமதி கேட்கிறார். தெருப் பிள்ளைகளோடு சப்பரம் இழுக்க வேண்டும் என்று பையனும் ஏங்குகிறான். ஐந்து மாதமாக ஜீவனாம்சம் வராத நிலையில் அனுப்பவே கூடாது என்கிறார் என் அண்ணன். ஐந்து வயதைத் தாண்டிய ஆண் பிள்ளை சட்டப்படி தந்தைக்குத்தான் சேருவான், ஒருமுறை அனுப்பினால் திரும்பி வரமாட்டான் என்றும் உறவினர்கள் அச்சுறுத்துகிறார்கள். இவற்றில் எது உண்மை? நாங்கள் இருவரும் பேசி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதுமா?

வெண்ணாறு, தஞ்சாவூர்:

சகோதரிக்கு வணக்கம். குடும்ப வழக்குகளை நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கறிஞன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் உறவினர்கள் சொல்வது சட்டத்தைப் பாதியில் நிறுத்திப் படித்ததால் வந்த அச்சம். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (வயது வராதவர்) மற்றும் காப்பாளர் சட்டம், 6-ஆவது பிரிவில், ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஐந்து வயது முடிந்த மறுநாள் குழந்தை தந்தையிடம் போய்விட வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவுப்படி குழந்தையின் நலனே தலையாயது. பெற்றோரின் உரிமை அதற்குப் பின்னால்தான் வருகிறது. பிள்ளை விவரம் தெரிந்த வயதை அடைந்திருந்தால் அவன் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்டறியலாம் என்பது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்திலேயே இருக்கிறது.

ஜீவனாம்சமும் பிள்ளையைப் பார்க்கும் உரிமையும் வெவ்வேறு. பாக்கியை வசூலிக்கத் தனியே நிறைவேற்று மனு போடுங்கள், அதில் தயக்கமே வேண்டாம். ஆனால் பணம் வரவில்லை என்பதற்காக உத்தரவில் உள்ள சந்திப்பைத் தடுத்தால், நாளை அது உங்களுக்கு எதிராகவே பேசப்படும். பெற்றோர் பிரிந்தாலும் இருவருடைய அன்பையும் பெறுவது குழந்தையின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நீங்கள் இருவர் மட்டும் எழுதிக்கொள்ளும் தாள் போதாது. நடந்துவரும் வழக்கிலேயே, இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின் கீழ் கூட்டாக ஒரு மனு கொடுத்து, அதை உத்தரவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் ஒப்படைப்பது, யார் உடன் வருவது, எத்தனை மணிக்குள் திருப்பிக் கொண்டுவிடுவது, மதியம் ஒருமுறை கைப்பேசியில் உங்களோடு பேச வைப்பது ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். உத்தரவு இருந்தால், திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்வது நீதிமன்றத்தை மீறும் செயலாகும். வழக்கறிஞர் கட்டணம் சுமையாக இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்; 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

குடிப்பழக்கமோ அடி உதையோ இருந்த வீடாக இருந்தால் நான் இப்படி எழுதியிருக்க மாட்டேன். அப்போது மூன்றாம் நபர் முன்னிலையில் நடக்கும் சந்திப்பே சரி.

குடமுருட்டி, பாபநாசம்:

நான் உங்கள் கணவரின் நிலையில் இருந்தவன். என் மகளை மாதம் இரு முறை பார்க்க உத்தரவு இருந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தாலும், தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு எந்த நாளில் வந்து சேரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் இரவெல்லாம் மடையில் நிற்க வேண்டியிருக்கும். அப்படி நடவிலும் அறுவடையிலும் நான்கு சந்திப்புகளைத் தவறவிட்டேன். தந்தைக்கு அக்கறையில்லை என்று அது எழுதப்பட்டது. ஆகவே, ஒரு நாள் தவறினால் அதற்கு மாற்று நாள் எது என்பதையும் மனுவில் சேர்த்துவிடுங்கள் அம்மா. அது அவருக்குச் செய்யும் சலுகை அல்ல. காத்திருந்து ஏமாறுவது உங்கள் பிள்ளைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகள் முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று, சாப்பிடும்போது, "அம்மா என்னைப் பத்தி என்ன சொன்னா?" என்று கேட்டுவிட்டேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள். அதன்பின் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. போய்வந்த பிள்ளையிடம் நீங்களும் உங்கள் வீட்டாரும் எதையும் துருவிக் கேட்க வேண்டாம்.

கொள்ளிடம், சீர்காழி:

பெற்றோர் பிரிந்த வீட்டில் வளர்ந்தவள் நான். எனக்கு வலித்தது இரண்டு வீடுகள் இருந்தது அல்ல. ஒவ்வொரு முறையும் விருந்தாளிபோல ஒரு பையோடு போய் வந்ததுதான். பல் துலக்கும் தூரிகை, ஒரு போர்வை, இரண்டு சட்டைகள், இவை தந்தை வீட்டில் நிலையாக இருக்கட்டும். பகலில் மட்டும் போய்வரும் இப்போதே அதைத் தொடங்கிவிடலாம்.

அரசலாறு, கும்பகோணம்:

மூவருக்கும் என் நன்றி. நேற்று அவரிடம் நானே தொலைபேசியில் பேசினேன். காலை எட்டு மணிக்கு மன்னார்குடிப் பேருந்து நிலையத்தில் நான் கொண்டுபோய் விடுவது, மாலை ஆறு மணிக்கு அவருடைய தாயார் உடன் வந்து கும்பகோணத்தில் ஒப்படைப்பது என்று பேசியிருக்கிறோம். ஜீவனாம்ச மனுவைத் தனியே போடுகிறேன் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். குறுவை அறுவடை முடிந்ததும் பாக்கியைக் கட்டுவதாகச் சொன்னார். அடுத்த வாய்தாவில் கூட்டு மனுவைக் கொடுக்கப்போகிறோம். அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. பையனிடம் உத்தரவு கிடைக்கும்வரை எதுவும் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன், ஆனால் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, சப்பரத்தில் ஒட்டக் கலர் தாள் வேண்டும் என்று காலையிலேயே கேட்டுவிட்டான்.