.318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்: பழைய குழலை மாற்றலாமா, அப்படியே விடலாமா?

மலைச்சாரல்:

வணக்கம். நான் வட இங்கிலாந்தில் வசிக்கிறேன். போன மாதம் ஓர் ஏலத்தில் பழைய வேட்டை ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். 1920களில் பர்மிங்காமில் உருவானது. உடல் (போல்ட் இயங்கும் இரும்புப் பகுதி), ஜெர்மனியின் ஓபர்ண்டார்ஃபில் செய்த மவுசர் 98. தோட்டா, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் .318. ஆனால் குழலில் வெட்டியிருப்பது அந்த நிறுவனத்தின் பெயர் அல்ல. ஒரு சிறு நகரத்துக் கடைக்காரரின் பெயர். குறிபார்க்கும் பின்குறியில் நூறு கஜத்துக்கு ஒரு நிலையான இலை, இருநூறுக்கும் முந்நூறுக்கும் மடக்கும் இலைகள். வால்நட் கட்டையில் கைப்பிடிக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல்.

குறை குழலில்தான் இருக்கிறது. விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தால் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் இருக்கிறது. தோட்டா அறையை ஒட்டிய இடத்தில் சுரிகள் (குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள்) ஏறக்குறைய கரைந்துவிட்டன.

என் திட்டம் இது: 7×57 அளவில் (7 மி.மீ. குண்டு, 57 மி.மீ. நீளக் கூடு) புதுக் குழல், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்த உடலில் நான்கு துளைகள், ஸ்கோப்பில் இடிக்காதபடி போல்ட் கைப்பிடியை வளைப்பது, தோள்பக்கம் கட்டையை வெட்டி ரப்பர் பட்டை. ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் அக்டோபர் 21 அன்று செம்மான் பிணைகளின் (பெண் மான்களின்) வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அதற்குள் முடிக்க ஆசை. அலமாரியில் வைத்து அழகு பார்க்க நான் இதை வாங்கவில்லை. கருத்துச் சொல்லுங்கள்.

கருங்காலி:

துளை போடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம். துளையை மட்டும் போடாதீர்கள்.

முப்பது ஆண்டுகளாகப் பிரிட்டிஷ் போல்ட் ரைஃபிள்களைச் சேர்த்து வருகிறேன். கடைக்காரர் பெயர் சிறியது என்பதால் ரைஃபிளின் மதிப்பைக் குறைத்துப் பேசாதீர்கள். பர்மிங்காமில் வேலை நடந்த முறையே அப்படித்தான். குழல் கடைபவர் ஒருவர், கட்டை இழைப்பவர் ஒருவர், உலோகத்தில் பூவேலை வெட்டுபவர் ஒருவர் என்று துப்பாக்கிப் பேட்டையின் தெருக்களில் ஒரு ரைஃபிள் பல கைகள் மாறி உருவாகும். விற்றவர் பெயர் குழலில் ஏறும். செய்தவர்கள் பெயர் எங்கும் ஏறாது. அந்தப் பேட்டையின் பெரும்பகுதியை 1960களில் சுற்றுச்சாலைக்காக இடித்துவிட்டார்கள். அந்தக் கைகளுக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி இந்தப் பொருள்கள்தாம்.

உலோகத்தின் அந்தக் கருநீல நிறத்தைப் பாருங்கள். மெல்லத் துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் வேகவைத்து, துருவைத் துலக்கி, மறுபடியும் துருப்பிடிக்க விட்டு, நாள் கணக்கில் ஏற்றிய நிறம் அது. ஒரு துளைப்பானுக்கு அதைத் தாண்ட அரை நிமிடம் போதும்.

நான் செய்த தவறையும் சொல்கிறேன். என் முதல் ரைஃபிளின் கட்டையை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கினேன். இரும்போடு மட்டமாக நின்ற மரம் தாழ்ந்துவிட்டது. கைப்பிடியின் சதுரக் கொத்துவேலை மழுங்கிவிட்டது. இன்றும் அதைக் கையில் எடுக்கும்போது விரல் முதலில் அந்த மழுங்கலுக்குத்தான் போகிறது.

பட்டறைவாசி:

ஐயாவின் சேகரிப்பை நேரில் பார்த்தவன் நான். மரியாதையோடு மறுக்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் துப்பாக்கிப் பட்டறையில் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்த ரைஃபிள்கள் பிறந்ததே மாற்றத்தில்தான். ஜெர்மன் உடலை வாங்கி இங்கே குழலும் கட்டையும் போட்டார்கள். மவுசரின் 7×57 தோட்டாவையே லண்டனின் ரிக்பி நிறுவனம் .275 என்று பெயர் மாற்றி விற்றது. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் தொழிற்சாலைகளால் ஈடுகொடுக்க முடியாமல் பி14 ராணுவ ரைஃபிளை அமெரிக்காவில் வின்செஸ்டர், ரெமிங்டன், எடிஸ்டோன் ஆலைகளில் 12 லட்சத்துக்கும் மேல் செய்ய வைத்தார்கள். பிறகு அவற்றையே பர்மிங்காமின் பிஎஸ்ஏ நிறுவனம் எடுத்து, பின்குறிக்குக் காவலாக நின்ற இரண்டு காதுகளையும் அரைத்துத் தள்ளி வேட்டை ரைஃபிளாக்கி விற்றது. பார்க்கர் ஹேல் நிறுவனம் லீ-என்ஃபீல்டு ராணுவ ரைஃபிள்களை அதேபோல் வேட்டை ரைஃபிளாக மாற்றி விற்றது. இன்று அந்த மாற்றிய ரைஃபிள்களையே ‘கை படாத நிலையில்’ வேண்டும் என்று சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

குழல் தேயும் பாகம். அன்றைய தோட்டாவின் கார்டைட் வெடிமருந்து மிகுந்த வெப்பத்தில் எரியும். தோட்டா அறைக்கு முன்னால் உள்ள சுரியை அதுதான் தின்றிருக்கும். அன்றைய தோட்டாவின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது உப்பாகக் குழலில் படிந்து காற்றின் ஈரத்தை இழுக்கும். அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாதவர்களின் குழல்கள் எல்லாம் இப்படித்தான் ஆயின. செத்த குழலைக் காப்பாற்றி யாருக்கு என்ன பயன்?

ஆனால் மலைச்சாரல், 7×57 வேண்டாம். .318 அதைவிட நீளமான தோட்டா. உங்கள் மேகசின் பெட்டியும் தோட்டாவை மேலே தள்ளும் விளிம்புகளும் அந்த நீளத்துக்கு இழைத்தவை. .30-06 அல்லது 9.3×62 பொருந்தும்; தோட்டாவின் அடியைப் பிடிக்கும் போல்ட் முகத்தைத் தொட வேண்டியதில்லை. எதைப் போட்டாலும் லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள துப்பாக்கிச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பி மறுபடியும் முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாமல் அதை விற்பது குற்றம்.

கருங்காலி:

பட்டறைவாசி எழுதியது: “இந்த ரைஃபிள்கள் பிறந்ததே மாற்றத்தில்தான்.”

தம்பி, பி14 லட்சக்கணக்கில் குவிந்து கிடந்தது. ஒன்றை அரைத்தால் அடுத்தது இருந்தது. மலைச்சாரலின் கையில் இருப்பதற்கு அடுத்தது கிடையாது.

ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பியை நினைத்துப் பாருங்கள். 1907இல் சம்பாவத்தின் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டதற்காகப் பரிசாக வந்த ரைஃபிள். அதன் கட்டையில் பதித்த சிறு வெள்ளித் தகடுதான் அது யாருடையது, எதற்காக வந்தது என்று சொல்கிறது. இடையில் எவராவது ‘தோளுக்கு வசதியாக இல்லை’ என்று புதுக் கட்டை போட்டிருந்தால் அது மற்றொரு மவுசராக எங்கோ கிடந்திருக்கும்.

பட்டறைவாசி:

கார்பெட்டின் ரைஃபிள் கார்பெட்டுடையது. அதை யாரும் தொடச் சொல்லவில்லை. பெயர் தெரியாத ஒருவரிடமிருந்து வந்த, சுட முடியாத ரைஃபிளைப் பற்றிப் பேசுகிறோம். எல்லாவற்றையும் கார்பெட்டின் ரைஃபிள்போல் நடத்தினால் எதையும் யாரும் தோளில் வைக்க முடியாது. தோளில் வைக்காத ரைஃபிளை அடுத்த தலைமுறை பழைய இரும்புக்குப் போட்டுவிடும். அப்படிப் போனவற்றை நான் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

குறிஞ்சி:

பதினொரு பருவங்களாக ஸ்காட்லாந்தின் மலைகளில் மான் வேட்டைக்கு ஆட்களை அழைத்துச் செல்கிறேன். நீங்கள் இருவரும் ரைஃபிளைப் பற்றியே பேசுகிறீர்கள். மானைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

முதலில் சட்டம். இங்கிலாந்தில் மான் சுட .240 அங்குலக் குழலும் 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் இருந்தால் போதும். ஸ்காட்லாந்தில் குண்டின் வேகத்துக்கும் வரம்பு உண்டு: குழல்வாயில் விநாடிக்கு 2,450 அடி, ஆற்றல் 1,750 அடி-பவுண்டு. .318இன் புகழ்பெற்ற 250 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு 2,400 அடியில்தான் போகும். ஆப்பிரிக்காவில் பெரிய விலங்குகளை வீழ்த்திய தோட்டா, பெர்த்ஷயரில் ஒரு பிணைமானுக்குச் சட்டப்படி செல்லாது! 9.3×62உம் அப்படித்தான். வழக்கமான 286 கிரெயின் குண்டு அந்த வேகத்தை எட்டாது; இலகுவான குண்டு தேடவேண்டும்.

அடுத்தது வெளிச்சம். நவம்பரில் மூன்றரை மணிக்கே மலை இருட்டத் தொடங்கிவிடும். பிணைகள் கூட்டமாக நிற்கும். எது கன்றோடு நிற்கிறது என்று பார்த்துச் சுடவேண்டும். திறந்த குறியில் அது முடியாது. காயம்பட்ட பிணையைத் தேடி இருட்டில் சதுப்பில் நடந்திருக்கிறீர்களா? நான் நடந்திருக்கிறேன். கருங்காலி ஐயா, உங்கள் கருநீலத்தைவிட எனக்கு அது முக்கியம். ஸ்கோப் போடுங்கள், அல்லது அந்த ரைஃபிளை மலைக்குக் கொண்டுவராதீர்கள்.

பட்டறைவாசி:

குறிஞ்சி அக்கா சொன்னபிறகு வேறு ஒரு வழி தோன்றுகிறது. .318 என்பது சுரி வெட்டுமுன் உள்ள துளையின் அளவு; அதன் குண்டு .330 அங்குலம். 9.3இன் குண்டு .366. வெளிப்புறத்தைத் தொடாமல் பழைய குழலையே உள்ளே அகலமாகக் குடைந்து, புதுச் சுரி வெட்டி 9.3×62 ஆக்கலாம். குழியெல்லாம் போய்விடும். கடைக்காரர் பெயர், மடக்கும் இலைகள், ஐயா விரும்பும் நிறம் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். நிறத்தில் கீறல்கூட விழாது.

கருங்காலி:

இந்தத் திரியில் வந்ததிலேயே என்னை அதிகம் அஞ்ச வைப்பது இந்த யோசனைதான். வெளியே .318 என்று வெட்டியிருக்கும், உள்ளே வேறு அளவு. இருபது ஆண்டு கழித்து அது யார் கைக்குப் போகும்? குழலில் எழுதியிருப்பதை நம்பி ஒருவர் தோட்டா வாங்குவார். புதுக் குழலாவது தான் புதுக் குழல் என்று ஒப்புக்கொள்கிறது.

பட்டறைவாசி:

சோதனைக் கூடத்தில் புதிய அளவை முத்திரையிடுவார்கள். பழைய எழுத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை வெட்டலாம்.

கருங்காலி:

அடித்த எழுத்தோடு அந்தக் குழலைப் ‘பழையது’ என்று எப்படி அழைப்பீர்கள்?

நீலகிரி:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் தாத்தா கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தார். துரையின் ரைஃபிளைத் துடைத்து வைப்பதும் அவர் வேலை என்று அப்பா சொல்வார். அது பிஎஸ்ஏ செய்த லீ ரகம், ஆனால் .303 அல்ல, .315. ராணுவத் தோட்டாவான .303 இந்தியாவில் பொதுமக்கள் கையில் இருக்கக்கூடாது என்று ஆங்கில அரசு தடுத்ததால், இந்தியச் சந்தைக்கென்றே பிஎஸ்ஏ 8 மில்லிமீட்டர் அளவில் அதைச் செய்தது. பின்னாளில் வங்காளத்தின் இஷாப்பூர் அரசுத் துப்பாக்கி ஆலையும் அதே .315இல் ரைஃபிள் செய்தது. ஆகவே தோட்டாவின் அளவும் ஒரு ஆவணம்தான். யாருக்கு எதை மறுத்தார்கள் என்பது அந்த எண்ணில் இருக்கிறது. குழலை மாற்றினாலும் அளவை மாற்றாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

மலைச்சாரல்: (மூன்று வாரங்களுக்குப் பின்)

எல்லாருக்கும் நன்றி. ரைஃபிளைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோனேன். நூறு கஜத்தில் ஐந்து குண்டுகள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குமேல் சிதறின. இரண்டு தாளில் பக்கவாட்டாகப் புகுந்திருந்தன. இந்தக் குழலோடு எந்த உயிரையும் நோக்கிச் சுட மாட்டேன். அதில் இனி எனக்கு ஐயமில்லை.

வீட்டில் கட்டையிலிருந்து இரும்பைக் கழற்றினேன். குழலின் அடியில், மரம் மறைத்த இடத்தில், இரண்டு எழுத்து முத்திரை. மரத்தின் பள்ளத்தில் பென்சிலால் ஓர் எண், அதன் கீழே யாரோ போட்ட ஒரு சிறு சரிக்குறி. நூறு ஆண்டுகளாக வெளிச்சம் படாத பென்சில். நான் அதைத் துடைக்கவில்லை.

முடிவு: நீலகிரி சொன்னபடி புதுக் குழலும் .318தான். 180 கிரெயின் குண்டு 2,700 அடியில் போகும். ஸ்காட்லாந்தின் கணக்குக்கு அது போதும். அந்த விட்டத்தில் குழல் செய்பவர்கள் சிலரே, காத்திருக்கவேண்டும். பழைய குழலைக் குறிகளோடு அப்படியே பத்திரப்படுத்துவேன். ரப்பர் பட்டை இல்லை, கட்டையை வெட்டப்போவதில்லை. விரிசலுக்கு மட்டும் பசை.

பட்டறைவாசி:

நல்ல முடிவு, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கழற்றிய குழலும் சட்டப்படி துப்பாக்கியின் பாகம். உங்கள் உரிமத்தில் அதற்குத் தனி இடம் வேண்டும். வேலை தொடங்குமுன் காவல்துறைக்கு எழுதிவிடுங்கள். பென்சிலைப் பொறுத்தவரை, அது மரத்தில் இருக்கிறது. குழல் மாறினாலும் இருக்கும்.

கருங்காலி:

அந்த இரண்டு எழுத்துகளின் படத்தை அனுப்புங்கள், தேடிப் பார்க்கிறேன். இன்னொன்று: புதுக் குழலில் கடைக்காரரின் பெயரை வெட்டச் சொல்லாதீர்கள். அவர் அதை விற்கவில்லை.

குறிஞ்சி:

ஸ்கோப்?

மலைச்சாரல்:

பெயரை வெட்ட மாட்டேன், ஐயா. குறிஞ்சி அக்கா, துளைபற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. இந்த அக்டோபரில் வேட்டை நிலத்தை நடத்தும் எஸ்டேட்டின் ரைஃபிளை இரவல் வாங்கிக்கொண்டு உங்களோடு வருகிறேன். மூன்றரை மணி வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.