டார்க் ரொமான்டஸி: எங்கே இடறுகிறது, எப்படித் தாண்டுவது (அனுபவப் பகிர்வு)

கருங்குயில்:

ரொமான்டஸி என்றால் மந்திர உலகத்தில் நடக்கும் காதல் நாவல். ரீல்ஸில் பத்து செகண்ட் பார்க்கிறோம். கறுப்பு அட்டை, தங்க எழுத்து, ஒரு கத்தி, ஒரு ரோஜா. உடனே ஆர்டர். பாதியில் ஒன்று சலித்துப் போகிறது, இல்லை தூக்கிவாரிப் போடுகிறது. இந்த இழையில் சொந்தக் கதை வேண்டாம். எந்தப் புத்தகம், எந்த இடம், என்ன இடறும், அதற்கு என்ன வழி, அவ்வளவுதான். முடிச்சை அவிழ்ப்பதாக இருந்தால் முதல் வரியிலேயே எச்சரித்துவிடுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். 'டார்க்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு சரக்கின் மேல் ஒட்டி விற்கிறார்கள். ஒன்றில் உலகம் இருட்டு: போர், பலி, பிணம். ஆனால் காதலர்களுக்குள் நடப்பது ஏறக்குறைய சாதாரணக் காதல்தான். இன்னொன்றில் உறவே இருட்டு: ஒருவர் கைதி, மற்றவர் காவல், சம்மதம் இருக்கிறதா என்பதே கேள்வி.

ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) முதல் சாதி. போர்க் கல்லூரியில் சேர வருகிறவர்கள் முதல் நாளே ஒடுக்கமான மதில் மேல் நடக்க வேண்டும், தவறினால் சாவு. அவ்வளவு ரத்தத்துக்கு நடுவிலும் வயலெட், ஸேடன் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுத்தான் நெருங்குகிறார்கள். சென்லின்யுவின் 'அல்கமைஸ்ட்' (Alchemised, 2025) இரண்டாவது சாதி. போரில் தோற்ற பக்கத்துப் பெண் கைதி. அவள் நினைவில் ஒரு பகுதி மறைந்து கிடக்கிறது. அதைத் தோண்டி எடுக்க எதிரியின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சித்திரவதை, பாலியல் வன்முறை இரண்டும் உண்டு. 1000 பக்கத்துக்கு மேல். முதல் பகுதியில் மூச்சு முட்டும். நடுப் பகுதி பழைய காலத்துக்குத் திரும்பிப் போன பிறகுதான் முதல் பகுதியில் பார்த்ததற்கெல்லாம் வேறு அர்த்தம் கிடைக்கிறது. ஆகவே 200ஆம் பக்கத்தில் நின்று தீர்ப்புச் சொன்னால் அது பாதிப் புத்தகத்துக்கான தீர்ப்பு. தாங்க முடியாமல் மூடி வைப்பது வேறு விஷயம், அதில் தப்பே இல்லை.

ரீலில் இந்த இரண்டுக்கும் ஒரே பாட்டு, ஒரே ஹேஷ்டேக். பாதிப் புகார் அங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்று. நம் ஆன்டி ஹீரோ தொடர்கதைகளில் ஊறியவர்கள் இதிலும் அந்தக் கணக்கையே போடுவார்கள்: அடிப்பான், திருந்துவான், குடும்பம் கூடும், கல்யாணம். இங்கே குடும்பம் பெரும்பாலும் செத்திருக்கும், இல்லை அதுவே எதிரி. கட்டிப்போடுவது தாலி கிடையாது, மந்திர ஒப்பந்தம்.

சாமக்கோழி:

ஆங்கிலம் பயப்படும்படி இல்லை. அரண்மனையில் வாள் பிடித்தவளும் இன்றைய காலேஜ் பெண் மாதிரிதான் பேசுவாள். தெரியாத சொல்லை அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். தெரிந்த சொல்தான் காலை வாரும்.

'கிளாமர்' என்றதும் நமக்கு சினிமா நடிகை. இங்கே அது கண்கட்டு வித்தை, ஒன்றை வேறாகத் தோன்றவைக்கும் மந்திரம். 'வார்டு' ஆஸ்பத்திரி வார்டு இல்லை, காப்பு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டக்கூடாது என்போமே, அதே வாசனை. எல்லையைக் கட்டிப் பகையை உள்ளே விடாமல் நிறுத்துவது. 'கோர்ட்' நீதிமன்றம் இல்லை, அரசவையும் அதற்கு அடங்கிய நாடும். சாரா ஜே. மாஸின் 'கோர்ட்' வரிசையில் அப்படி ஏழு: பருவத்தின் பெயரில் நான்கு, விடியல், பகல், இரவு என்று மூன்று. முன்னட்டைக்குப் பின்னால் உள்ள வரைபடத்தை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொண்டால் பக்கம் புரட்டுகிற வேலை மிச்சம். 'மேட்' ரூம்மேட் இல்லை, விதி முடிச்சுப் போட்ட இணை. முடிச்சு விழுந்ததாலேயே ஏற்க வேண்டும் என்று கிடையாது, மறுக்கவும் முடியும். இது தெரியாமல் படித்தால் கதாநாயகி ஏன் இவ்வளவு யோசிக்கிறாள் என்று எரிச்சல் வரும்.

'ஃபே' தான் பெரிய சிக்கல். தேவதை என்று மனசுக்குள் மொழிபெயர்த்தால் வெள்ளைச் சிறகும் மந்திரக்கோலும் வந்து நிற்கும். மோகினி, யட்சி பக்கம் நினைத்துக்கொள்ளுங்கள்: அழகு, விருந்து, ஆட்டம், போன ஆள் பழைய ஆளாகத் திரும்புவதில்லை. ஹாலி பிளாக்கின் 'தி குருயல் பிரின்ஸ்' (2018) படித்தால் இது பளிச்சென்று விளங்கும். அங்கே ஃபே இனத்துக்குப் பொய் சொல்ல வராது. அதனால் ஏமாற்றுவதெல்லாம் உண்மையை வைத்தே. ஒரு வசனம் வந்தால் இரண்டு தரம் படியுங்கள்: அவள் கேட்டது எது, அவன் பதில் சொன்னது எதற்கு? இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் பொறி இருக்கும். மனுஷியான ஜூடுக்குப் பொய் சொல்ல வரும், அவளுக்கு இருக்கிற ஒரே ஆயுதம் அதுதான். விஷத்தைத் தினம் துளித்துளியாகத் தின்று உடம்பைப் பழக்குகிறாள் பாருங்கள், அந்த இடங்களில் காதல் காட்சியை விடப் படபடப்பு அதிகம்.

பெயர்களுக்கு ஒரு சின்ன வழி: முதல் அத்தியாயத்திலேயே தமிழில் எழுதி வைத்துவிடுங்கள். ஃபேரா, ரீசாண்ட், ஸேடன். ஒரே பெயரை நாலு விதமாக வாய்க்குள் படிப்பதால்தான் பாதி ஆட்கள் மறந்து போகிறார்கள்.

நொச்சிவேலி:

முடிச்சு அவிழும், 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' (2015) முடிக்காதவர்கள் தாண்டிப் போங்கள்.

இதன் வேர் இரண்டு. ஒன்று 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்', 1740இல் பிரெஞ்சில் அச்சான கதை. இன்னொன்று ஸ்காட்லாந்து நாட்டுப் பாடலான 'டாம் லின்': ஃபே ராணியின் பிடியில் இருக்கிறவனை, அவன் பாம்பாகவும் விலங்காகவும் மாற மாற, கையை விடாமல் பிடித்து மீட்கிறாள் காதலி. முதல் நாவலின் முன்பாதி முதல் கதை, மலைக்கு அடியில் நடக்கும் பின்பாதி இரண்டாவது. மாளிகையில் தோட்டமும் ஓவியமுமாக நகரும் முன்பாதியில்தான் பலர் கழன்று கொள்கிறார்கள். மலைக்கு அடியில் போகிறவரை பொறுத்தால் புத்தகம் வேறு வேகம் பிடிக்கும்.

ஒரு காட்சியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஃபே ராணி வைத்த முதல் சோதனை முடிந்து நாயகி ஃபேரா சிறையில் கிடக்கிறாள். கை எலும்பு முறிந்து, புண் சீழ் பிடித்துக் காய்ச்சல். இரவு கோர்ட்டின் தலைவன் ரீசாண்ட் வருகிறான், குணமாக்க விலை பேசுகிறான்: மாதம் இரண்டு வாரம் என்னோடு இருக்க வேண்டும். அவள் ஐந்து நாள் என்கிறாள், அவன் பத்து என்கிறான், ஒரு வாரத்தில் பேரம் படிகிறது. இடது கையில் முழங்கை வரைக்கும் பச்சைக்கோலம், உள்ளங்கையில் ஒரு கண். பிறகு ராத்திரி ராத்திரி மது கொடுத்து, நினைவு தப்ப, எல்லோர் முன்னாலும் ஆடவைக்கிறான்.

2016இல் வந்த இரண்டாம் நாவல் இதையெல்லாம் அவன் பக்கத்திலிருந்து திருப்பிச் சொல்கிறது. இந்த வகையின் உயிர்நிலையே இதுதான்: முதல் புத்தகத்தின் வில்லன் இரண்டாம் புத்தகத்தில் காரணம் சொல்லுவான். அந்தக் காரணம் முதலிலேயே விதைத்ததா, பிற்பாடு ஒட்டுப் போட்டதா? சோதிக்க வழி இருக்கிறது. முதல் புத்தகத்தில், ராணிக்குத் தெரியாமல் அவன் செய்த உதவிகளைப் பென்சிலால் குறியுங்கள். இரண்டாம் சோதனையில் ஃபேராவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, மூன்று நெம்புகோலில் ஒன்றை இழுக்க வேண்டும். தப்பானதை நோக்கிக் கை போனால் அந்தப் பச்சை குத்திய உள்ளங்கை வலிக்கிறது. இது விதைத்தது, சந்தேகமே இல்லை. மதுவும் ஆட்டமும் அப்படி இல்லை. விளக்கம் வருகிறது, ஏற்கலாம், ஆனால் காரணம் சொன்னதால் செய்த காரியம் நல்லதாகிவிடாது என்பது என் கட்சி. இதில் சண்டைக்கு வருகிறவர்கள் தனி இழை திறக்கலாம்.

எழுத்து யார் குரலில் இருக்கிறது என்பதையும் வாங்குமுன் பாருங்கள். கிண்டில் மாதிரியைத் திறந்து அத்தியாயத் தலைப்பில் ஆள் பெயர் மாறி மாறி வருகிறதா என்று பார்த்தால் போதும். வந்தால் நாயகன் மனசு முதலிலிருந்தே தெரிந்துவிடும், 'இவன் நல்லவனா' என்ற பதற்றம் கிடைக்காது. நாயகி ஒருத்தி குரல் மட்டும் என்றால் அவன் எதையோ மறைக்கிறான் என்று பந்தயமே கட்டலாம். 'ஃபோர்த் விங்' கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஸேடன் பேசத் தொடங்குவது அதனால்தான் அப்படி அடிக்கிறது.

தாழைமடல்:

மிளகாய்க் கணக்கை நம்பாதீங்க. படுக்கையறைக் காட்சி எவ்வளவு சூடுன்னு காட்ட ஒண்ணு முதல் அஞ்சு வரை மிளகாய் போடுறாங்க, பொது அளவுகோல்னு ஒண்ணு கிடையாது. ஒருத்தருக்கு மூணு மிளகாய்ன்னா கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி வரை. இன்னொருத்தருக்கு கதவே கிடையாது. அதோட மிளகாய் சொல்றது சூட்டை மட்டும்தான், வன்முறையை இல்லை. அதுக்கு ஸ்டோரிகிராஃப் தளத்துல புத்தகப் பக்கத்துல உள்ளடக்க எச்சரிக்கைப் பகுதி இருக்கு. படிச்சவங்களே கடுமை, மிதம், லேசுன்னு மூணு தட்டுல போட்டிருப்பாங்க. 'கடுமை'யில பலர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தா நம்பலாம். சில புத்தகத்துல ஆசிரியரே முதல் பக்கங்கள்ல குறிப்பு வச்சிருப்பாங்க, ஈ-புக் நேரா முதல் அத்தியாயத்துல திறக்கும், அதனால கண்ணுல படாது. அட்டைக்குப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்க.

வீட்டுல பசங்க இருக்கிறவங்களுக்கு: அந்த 'கோர்ட்' வரிசை முதல்ல இளையோர் அலமாரியிலதான் வந்துச்சு. 2020ல புது அட்டையோட பெரியவங்க பக்கம் மாத்தினாங்க. பழைய அட்டைப் பிரதி கைமாறிக் கைமாறி இன்னும் சுத்துது. பதினாலு வயசுப் பொண்ணுக்கு ரெண்டாவது புத்தகத்தைப் பரிசா கொடுக்கிறதுக்கு முன்னாடி யோசிங்க. 'குருயல் பிரின்ஸ்' இன்னமும் இளையோர் நாவல்தான், கொடுமை இருக்கு, படுக்கையறை இல்லை.

அச்சுக்கூடத்தான்:

கதை பற்றி இல்லை, காகிதம் பற்றி. இந்த வரிசைகளுக்குத் திருட்டு அச்சு அதிகம். பாதி விலைக்குக் கிடைத்தால் முதலில் வரைபடத்தைப் பாருங்கள். ஸ்கேன் செய்து அடித்ததில் நுண்ணிய கோடுகள் ஈஷிப்போய் ஊர்ப் பெயர் படிக்க வராது. அடுத்து, பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்க எழுத்து முன்னால் தெரியும். உள்விளிம்பு சுருங்கி, வரியின் கடைசிச் சொல் முதுகுக்குள் போயிருக்கும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஃபாரம் மாறுவது: 16 பக்கம் இரண்டு தடவை வந்து, அடுத்த 16 பக்கம் காணாமல் போகும். கடையிலேயே பக்க எண்ணை 16, 32 என்று தாவித் தாவிப் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிஷ வேலை.

அசலிலும் ஒரு சங்கடம். ஓரத்தில் சாயம் தெளித்த சிறப்புப் பதிப்புகளில் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், கடலோர ஈரக்காற்றில் இன்னும் அதிகம். நகத்தால் பிய்த்தால் சாயம் உதிரும், ஓரம் கிழியும். புத்தகத்தை லேசாக வளைத்துக் கட்டைவிரலால் சீட்டுக்கட்டு மாதிரி விடுங்கள், இரு பக்கமும் மாற்றி மாற்றி. தடிமனான பேப்பர்பேக்கை எடுத்த எடுப்பில் நடுவில் விரித்தால் முதுகில் பசை வெடிக்கும். முதுகை மேஜையில் நிறுத்தி, முன்னால் இருபது தாள், பின்னால் இருபது தாள் என்று அமுக்கிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள்.

புதுவாசகி:

கருங்குயில் அக்கா, ரெண்டு சந்தேகம். சீக்கிரம் முடியுற மாதிரி, சூடு குறைவா, ஆனா நிஜமாவே இருட்டா ஏதாவது இருக்கா? அப்புறம் மாஸ் எழுதினதை எந்த வரிசையில படிக்கணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

கருங்குயில்:

முதலாவதற்கு ரேச்சல் கில்லிக்கின் 'ஒன் டார்க் விண்டோ' (2022), 'டூ ட்விஸ்டட் கிரவுன்ஸ்' (2023). இரண்டே புத்தகம், கதை முடிந்துவிட்டது. நாயகி தலைக்குள் ஒரு கிழ அரக்கன் குடியிருக்கிறான். பன்னிரண்டு விதமான மந்திரச் சீட்டு, ஒவ்வொன்றையும் அளவுக்கு மேல் பயன்படுத்தினால் ஒவ்வொரு கேடு. அத்தியாயத் தலைப்பில் உள்ள செய்யுள் வரிகளைத் தாண்டாதே, துப்பெல்லாம் அங்கேதான். முடியாத வரிசைதான் வேண்டும் என்றால் 'ஃபோர்த் விங்' இருக்கிறது: ஐந்து என்று திட்டம், 2025 ஜனவரியில் மூன்றாவது வந்தது, ஒவ்வொன்றும் அந்தரத்தில் தொங்கவிட்டுத்தான் முடியும்.

இரண்டாவதற்கு: 'கோர்ட்' ஐந்தையும் (2021இல் வந்தது வரை) முதலில் முடி. மாஸின் இன்னொரு வரிசையான 'க்ரெசென்ட் சிட்டி'யில் இரண்டாம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அந்த உலகத்துக்கு வாசல் திறக்கிறது. ஐந்தையும் படிக்காதவர்களுக்கு அந்த வாசல் வெறும் கதவு. மூன்றாவதில் (2024) பழைய ஆட்கள் நேரிலேயே வருகிறார்கள். அவருடைய 'த்ரோன் ஆஃப் கிளாஸ்' வரிசை தனி. அதில் ஐந்தாவதும் ஆறாவதும் ஒரே காலத்தில் இரண்டு கண்டங்களில் நடப்பவை, அதனால் சிலர் இரண்டையும் பக்கத்தில் வைத்து அத்தியாயம் மாற்றி மாற்றிப் படிப்பார்கள். ஐந்தாவதின் முடிவைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளின் கதைக்குப் போக மனசு வராதவர்களுக்கு அது சரி. முதல் தடவையிலேயே அதைச் செய்யாதே. இரண்டு புத்தகத்து ஆட்களும் குழம்பிப் போவார்கள். முன்கதைத் தொகுப்பை மூன்றாவது முடித்ததும் படி.