காட்டு ஓடையின் நீர்ச்சமநிலை: ஆவியாதல் எதிர்மறையாக வருவது ஏன்?

தேவிபட்டினத்துக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். முதுநிலை ஆய்வேட்டுக்காக, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1955-இல் அமைக்கப்பட்ட ஹப்பார்டு புரூக் ஆய்வுக்காட்டின் அளவீடுகளைக் கொண்டு நீர்ச்சமநிலை மாதிரி ஒன்றை, அதாவது வந்த நீரையும் போன நீரையும் ஈடுகட்டிப் பார்க்கும் கணக்கை, உருவாக்கி வருகிறேன். அங்கு மழையும் பனியுமாக ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் பொழிகிறது என்றும், அதில் 500 மில்லிமீட்டர் அளவே ஆவியாகிறது என்றும், இந்த அளவு ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை என்றும் படித்தேன். ஆனால் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான பொழிவிலிருந்து ஓடைநீரைக் கழித்தால், எனக்கு ஓராண்டு மிகுதியாகவும் மறு ஆண்டு குறைவாகவும் விடை வருகிறது. மாதக் கணக்கிலோ ஏப்ரல் மாத ஆவியாதல் எதிர்மறையாகவே நிற்கிறது. பனியைக் கண்ணால் கூடப் பார்த்திராத கடற்கரையில் அமர்ந்து இதைச் செய்வதால், பிழை எங்கே என்று பிடிபடவில்லை.

கலுங்கடி:
தம்பி, கழித்தலில் பிழை இல்லை, இருப்பை, அதாவது பனியாகவும் மண்ணின் ஈரமாகவும் தேங்கி நிற்கும் நீரை, விட்டுவிட்டீர்கள். பொழிவு என்பது ஓடைநீர், ஆவியாதல், இருப்பில் ஏற்படும் மாற்றம் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை. அந்தக் காட்டின் அடிப்பாறை வழியாக நீர் கசிந்து வெளியேறுவது மிகக் குறைவு என்பதால் நான்காவது உறுப்பைத் தள்ளிவிடலாம். மூன்றாவதைத் தள்ள முடியாது. அங்கு ஆண்டுப் பொழிவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பனியாக விழுகிறது. டிசம்பர் 31 அன்று தரையில் கிடக்கும் பனி, நீங்கள் கணக்கை முடித்த பிறகும் ஓடைக்கு வராமல் காத்திருந்து, அடுத்த ஆண்டின் ஏப்ரலில் உருகி ஓடுகிறது. அந்த மாதத்தில் பெய்ததைவிட ஓடியது அதிகமாக இருப்பதில் வியப்பில்லை. அதனால்தான் அங்குள்ளவர்கள் நீராண்டை, அதாவது நீர்க்கணக்குக்கான பன்னிரண்டு மாதங்களை, ஜூன் 1-இல் தொடங்குகிறார்கள். அதற்குள் பனி முழுவதும் கரைந்திருக்கும், மண்ணும் ஏறத்தாழ ஒரே அளவு ஈரத்தோடு இருக்கும். இருப்பு சுழியமாக இருக்க வேண்டியதில்லை, ஒவ்வோர் ஆண்டும் ஒரே நிலைக்குத் திரும்பினால் போதும்.

நம் கண்மாய்க்கும் இதே முறைதான். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிய கண்மாயை வைத்துக்கொண்டு டிசம்பர் 31-இல் யாரும் கணக்கை முடிப்பதில்லை. ஆடியில் உள்வாய் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போதுதான் தொடங்க வேண்டும். ஆனால் ஒப்புமை அதோடு நின்றுவிடும். ஹப்பார்டு புரூக்கில் ஓடைநீர் முழுவதும் ‘வி’ வடிவ அளவைக் கலுங்கு ஒன்றின், அதாவது ஓட்டத்தை அளக்கும் தடுப்பின், வழியாகக் கடந்தாக வேண்டும். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பெயர் பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாயில் எந்த மடையில் எவ்வளவு போயிற்று என்று யார் அளப்பது?

மணல்மேடு:
இன்னொன்றையும் கவனியுங்கள். வெப்பநிலையை மட்டும் கொண்டு ஆவியாதலைக் கணக்கிடும் சூத்திரத்தை அங்கு பயன்படுத்த வேண்டாம். அங்கு பொழிவு பன்னிரண்டு மாதங்களிலும் ஏறத்தாழச் சீராகப் பரவியிருந்தும், கோடையில் ஓடை வற்றுவது இலைகள் நீரை இழுத்து ஆவியாக விடுவதால்தான். 1965-இன் இறுதியில் இரண்டாம் எண் நீர்ப்பிடிப்பில் (ஓர் ஓடைக்கு நீர் தரும் நிலப்பரப்பில்) மரங்களை வெட்டி, பின்பு களைக்கொல்லியால் தளிர்க்கவும் விடாமல் வைத்தபோது, முதல் ஆண்டிலேயே ஓடைநீர் சுமார் 40 விழுக்காடு கூடியது. இலைப்பரப்பு மாதந்தோறும் மாறுவதை மாதிரிக்குள் கொண்டுவராவிட்டால் மே, ஜூன் மாதங்களில் நிச்சயம் இடறுவீர்கள். அந்தக் காட்டின் ஆய்வுகளிலிருந்து உருவான புரூக்90 மாதிரியில் இதற்கு இடம் உண்டு.

தேவிபட்டினத்துக்காரன்:
ஐயா, இருவருக்கும் நன்றி. ஜூன் 1-க்கு மாற்றியதும் ஆண்டு விடைகள் நெருங்கி வந்துவிட்டன. ஆனால் நாள்வாரி ஓட்டத்தில், என் மாதிரி மார்ச் மாதத்திலேயே வெள்ளத்தைக் காட்டுகிறது. அளவீட்டில் வெள்ளம் தாமதமாகவே வருகிறது. பாகை-நாள் முறையில், அதாவது வெப்பநிலை 0 பாகைக்கு மேல் ஏறும் அளவுக்கேற்பப் பனி உருகுவதாகக் கொண்டு, சராசரி வெப்பநிலை 0 பாகையைத் தாண்டிய ஒவ்வொரு நாளும் உருகியதை உடனே ஓடைக்கு அனுப்புகிறேன்.

கலுங்கடி:
‘உடனே’ என்பதுதான் சிக்கல். குளிர்காலப் பனிப்படலம் 0 பாகைக்குக் கீழே குளிர்ந்து கிடக்கும். மேலே உருகும் நீர் உள்ளே இறங்கி மீண்டும் உறைந்து, அவ்வாறு உறையும்போது வெளிவிடும் வெப்பத்தால் படலம் முழுவதையும் 0 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகும் படலம் தன் துளைகளில் கொஞ்சம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்த கண்மாய்க்கு வரத்துக்கால் வழியாக முதலில் வரும் தண்ணீரை வெடிப்புகள் குடித்துவிட்ட பிறகே கலுங்கை நோக்கி நீர் நகர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாதிரியில் குளிர்ப்பற்றாக்குறை (படலத்தை 0 பாகைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம்), பிடிநீர் (துளைகளில் நிற்கும் நீர்) என இரண்டு இருப்புகளைத் தனியே வைத்து, இரண்டும் நிறைந்த பிறகு மட்டும் நீரை வெளியே விடுங்கள். ஒரு பாகைக்கு எவ்வளவு பனி உருகும் என்ற உருகல் கெழுவை மாற்றி வெள்ளத்தைத் தள்ளிப்போட முயல வேண்டாம். மார்ச் சரியாகும், ஏப்ரல் கெட்டுவிடும்.