மறு: முகம் சிவத்தல் – இரண்டு சொல் வேண்டும்

நண்பர்களே,

உளவியல் பாடம் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே பத்தியில் 'பிளஷிங்', 'ஃபிளஷிங்' என இரண்டு வருகின்றன. முன்னது, நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் முகம் சிவப்பது. பின்னது காய்ச்சல், மது, ஓட்டம், மாதவிடாய் நிற்கும் காலத்து வெப்பம் ஆகியவற்றால் சிவப்பது. இரண்டுக்கும் 'முகம் சிவத்தல்' என்றே எழுதி வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. மாணவருக்குப் படித்தவுடன் புரிகிற சொல்லாக வேண்டும்.

* * *

அனைவருக்கும் வணக்கம்.

இதுவரை வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> 'நாணேற்றம்' எனலாமே. குருதி ஏறுவதும் அதில் அடங்கிவிடுகிறது.

வேண்டாம். நாண் ஏற்றுவது வில்லில். அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

> 'சேப்பு' இருக்கப் புதுச்சொல் எதற்கு? சே, சேத்தல், சேப்பு. 'சேந்த கண்' சங்கப் பாட்டிலேயே உண்டு.

புலவர் ஐயா எடுத்துத் தந்தது அழகான சொல். ஆனால் சிவப்புக்கு உள்ள சிக்கல் சேப்புக்கும் உண்டு. தமிழில் முகம் சிவந்தால் முதலில் நினைவுக்கு வருவது கோபம். தொல்காப்பிய உரியியல் "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் "நிறத்துரு உணர்த்தற்கும் உரிய என்ப" என்கிறது. நிறம் இரண்டாவதாகத்தான் வருகிறது. இன்றைக்கும் 'அதைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது' என்று எழுதினால், அவர் வெட்கப்பட்டார் என்று யாரும் படிக்கமாட்டார்கள். அதனால் வெறும் நிறச்சொல் போதாது. காரணமும் சொல்லுக்குள் வரவேண்டும்.

இன்னொன்று. கறுத்த முகத்திலும் மாநிற முகத்திலும் குருதி அதே அளவு ஏறினாலும் சிவப்பு அவ்வளவாக வெளியே தெரியாது. கன்னமும் காது மடலும் சுடுவது அவரவருக்குத்தான் தெரியும். நிறத்தை மட்டும் நம்பிச் சொல் செய்தால் இவர்களெல்லாம் விடுபட்டுப் போகிறார்கள்.

(பிரிவில் மேனி நிறம் மாறுவதற்குப் பசலை, பசப்பு என்று சொல் வைத்து, குறளில் 119ஆம் அதிகாரம் முழுவதும் அதையே பேசுகிறது. குருதி ஏறிச் சிவக்கும் முகத்துக்கும் அப்படி ஒரு சொல் நிலைத்திருந்தால் இந்த விவாதமே வேண்டியிருக்காது.)

> அப்படியானால் 'நாணச் சிவப்பு'. இலக்கிய வழக்கும் உண்டு, இனிமையும் உண்டு.

பலர் இதற்கே கை தூக்கியிருக்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. "கருமத்தால் நாணுதல் நாணுத் திருநுதல் நல்லவர் நாணுப் பிற" என்று வள்ளுவரே இரண்டாகப் பிரிக்கவேண்டியிருந்தது. தகாததைச் செய்ததற்காக நாணுவது ஒன்று, பெண்களின் இயல்பாகச் சொல்லப்படும் நாணம் வேறொன்று. இன்றைய காதில் இரண்டாவதுதான் விழுகிறது. பாடத்தில் வரும் எடுத்துக்காட்டோ தப்பாக விடை சொல்லிவிட்டு, வகுப்பே திரும்பிப் பார்க்க, காது வரை சிவந்து நிற்கும் பையன். அவன் 'வெட்கமாப் போச்சு' என்பானே தவிர, நாணம் வந்தது என்று சொல்லமாட்டான்.

> வெட்கம் வடசொல் ஆயிற்றே?

இல்லை ஐயா. வெள்கு, வெட்கு, வெட்கம். வடசொல் லஜ்ஜை. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் "உள்ளுவார் உள்ளிற்று எல்லாம் உடனிருந்து அறிதி என்று வெள்கிப்போய் என்னுள்ளே நான் விலவறச் சிரித்திட்டேனே" என்கிறார். மனத்தில் நினைப்பதையெல்லாம் இன்னொருவர் உடனிருந்து அறிகிறார் என்று தெரிந்ததும் ஓர் ஆண் வெள்குகிறார். டார்வின் 1872இல் வெளியிட்ட உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில், 13ஆம் அதிகாரத்தில், முகச் சிவப்புக்குச் சொல்லும் காரணமும் இதை ஒட்டியதே: பிறர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற எண்ணம். இவ்வளவு பொருத்தமாக ஒரு வினை கையில் இருக்கும்போது அதை ஏன் விடவேண்டும்?

'வெள்' என்றால் வெண்மை, ஆகவே வெள்குதல் முகம் வெளுப்பதே என்ற வேர் விளக்கத்துக்கு ஒலி ஒற்றுமை தவிர வேறு சான்று காட்டப்படவில்லை. அதைத் தனி இழையில் பேசுவோம்.

என் முடிவு: பெயராக 'வெட்கச் சிவப்பு', வினையாக 'வெட்கிச் சிவத்தல்'. ஃபிளஷிங்குக்கு 'முகம் கன்றுதல்'. வெயிலில் நடந்து வந்தவரைப் பார்த்து 'முகம் கன்றிப் போச்சே' என்று எல்லாரும் சொல்வதுதான்.

* * *

நண்பர்களே,

நன்றி. 'வெட்கச் சிவப்பு' என்று திருத்திவிட்டேன். சொல்லடைவில் 'நாணச் சிவப்பு' என்பதையும் பக்கத்தில் தருகிறேன், கேட்டவர்கள் அத்தனை பேர். கன்றுதலை எடுக்க முடியவில்லை. பாடத்தைச் சரிபார்க்கும் மருத்துவர், அடிபட்டுக் கன்றிய இடத்துக்கும் அதே சொல்தானே என்கிறார். இப்போதைக்கு 'வெப்பச் சிவப்பு' என்று போட்டிருக்கிறேன். அடுத்த பக்கத்தில் 'எரித்ரோபோபியா' நிற்கிறது, முகம் சிவந்துவிடுமோ என்ற அச்சம். 'வெட்கச் சிவப்பச்சம்' வாயில் நுழையவில்லை. வியாழன் இரவுக்குள் யாராவது சொல்லுங்கள்.

* * *

அம்மா,

'சேப்பச்சம்' என்று எழுதிப் பாருங்கள். இரண்டாவதற்கு 'வெப்பச் சிவப்பு' பொருந்தாது. மதுவால் முகம் சிவப்பவருக்கு வெளி வெப்பமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அதையும் 'முகச்சேப்பு' எனலாம். நான் என் கட்சியை விடவில்லை.