இசட், எக்ஸ், கியூ வருகிற நீண்ட ஆங்கிலச் சொற்கள் – மகளுக்கு உதவி தேவை

ஒட்டுசுட்டான் தகப்பன்:
எல்லோருக்கும் வணக்கம். மகள் தரம் 9 படிக்கிறாள். ஆங்கில தினப் போட்டிக்கு ஆயத்தம் செய்ய ரீச்சர் ஒரு வேலை கொடுத்திருக்கிறா. இசட், எக்ஸ், கியூ மூன்றில் ஒன்றாவது வருகிற, பத்து எழுத்துக்குக் குறையாத பத்துச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கருத்தும் சொல்ல வேண்டும். நேற்றிரவு போனில் ஒரு பட்டியலைப் பார்த்து எழுதினாள், பாடமாக்கியும் விட்டாள், ஆனால் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டால் நடுவிலுள்ள எழுத்துகள் இடம் மாறிவிடுகின்றன, கருத்தையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்கிறாளே தவிர அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று பிடிபடவில்லை. எனக்கு ஆங்கிலம் போதாது, இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களில் பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகவில்லை, இப்போது வயல்தான். அவளுக்கு மனதில் நிற்கிற மாதிரிச் சொற்கள் தருவீர்களா? திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

மாங்குளம் விஞ்ஞான ரீச்சர்:
அண்ணா, அந்தப் போன் பட்டியலை விடுங்கள். மகளுடைய கணிதப் புத்தகத்தையும் விஞ்ஞானப் புத்தகத்தையும் பக்கத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நீண்ட ஆங்கிலச் சொற்களில் அரைவாசிக்கு மேல் லத்தீன், கிரேக்கத் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. நம் பாடப்புத்தகத்துத் தமிழ்ச் சொற்களும் அதே துண்டுகளை வைத்துத்தான் ஆக்கப்பட்டிருக்கின்றன, அதனால் பிள்ளைக்குப் பாதி ஏற்கெனவே தெரியும், அவளுக்கு அதை யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

குவாட்ரிலேட்டரல், 13 எழுத்து. குவாட்ரி நான்கு, லேட்டரல் பக்கம் சார்ந்தது. அவள் படித்த நாற்பக்கல்லை நான்கு, பக்கம் என்று பிரித்துக் காட்டுங்கள், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும். ஈக்குவிலிபிரியம், 11 எழுத்து. ஈக்குவி சமம், லிப்ரா தராசு, தராசின் இரண்டு தட்டும் சமமாக நிற்பதுதான் சமநிலை. எக்ஸோஸ்கெலிட்டனும் 11 தான். எக்ஸோ வெளியே, ஸ்கெலிட்டன் எலும்புக்கூடு. புத்தகத்தில் புறவன்கூடு என்று இருக்கும். நந்திக்கடல் இறாலை உரிக்கும்போது கையோடு வருகிற கோது அதுதான், அடுத்த முறை இறால் வாங்கும்போது அவளையே உரிக்க விடுங்கள். ஹெக்ஸாடெசிமல், அதுவும் 11. ஹெக்ஸா கிரேக்கத்தில் ஆறு, டெசிமல் லத்தீன் பத்திலிருந்து வந்தது, ஆறும் பத்தும் 16, கணினிப் பாடத்தில் வருகிற பதினறும எண்முறை.

ஹொரிசொன்டலுக்குப் பத்து எழுத்து. இரணைமடு அணைக்கட்டில் நின்று பார்த்தால் வானம் தொடுகிற கோடு தெரியுமே, அதுதான் ஹொரைசன், அந்தக் கோடு கிடக்கிற மாதிரிக் கிடப்பது ஹொரிசொன்டல். தமிழிலும் கிடை என்றுதானே சொல்கிறோம்.

கிளிநொச்சி மருந்துக்கடை:
ரீச்சர் சொன்ன வழிதான் சரி. நான் கடையில் நின்றுதான் இதைப் படித்தேன், மருந்துப் பெயர்களைத் துண்டு துண்டாகப் பார்க்காவிட்டால் ஒன்றும் நினைவில் நிற்காது. என் பங்குக்கு இரண்டு சொற்கள். ஹைட்ரொக்ஸிசின், 11 எழுத்து, ஒவ்வாமையால் வருகிற கடிக்கு வைத்தியர் எழுதும் மருந்து. அதன் நடுவில் எக்ஸ், வை, இசட் மூன்றும் அரிச்சுவடியில் வருகிற அதே ஒழுங்கில் அடுத்தடுத்து நிற்கும். பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள், பிறகு மறக்கவே மாட்டாள்.

மற்றது ஸெரொஃப்தல்மியா, 13 எழுத்து. எழுதும்போது எக்ஸில் தொடங்கும், வாசிக்கும்போது இசட் ஒலி வரும். ஸெரோ என்றால் உலர்ந்த, ஒஃப்தல்மோஸ் என்றால் கண், விற்றமின் ஏ போதாமல் கண் உலர்ந்துபோகிற நோய். நடுவில் பீ, எச், ரி, எச் என்று நான்கு மெய்யெழுத்துகள் வரிசையாக வரும், படித்தவர்களே அங்கே ஓர் எச்சை விட்டுவிடுவார்கள், அந்த இடத்தில் மட்டும் பத்துத் தரம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நெடுங்கேணிப் பொடியன்:
ஆங்கிலத்திலேயே மிக நீளமான சொல்லைச் சொல்லலாமே அண்ணா! நியுமோனோ என்று தொடங்குகிற 45 எழுத்துச் சொல். எரிமலையின் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து வருகிற நோய்க்கு 1935இல் அமெரிக்கப் புதிர் சங்கம் ஒன்றின் தலைவர் எவரெட் ஸ்மித் கட்டிய பெயர்.

மாங்குளம் விஞ்ஞான ரீச்சர்:
தம்பி, நல்ல சொல், ஆனால் எண்ணிப் பாருங்கள், அத்தனை எழுத்திலும் இசட், எக்ஸ், கியூ ஒன்றுகூட இல்லை. வைத்தியர்கள் சிலிக்கோசிஸ் என்றுதான் சொல்வார்கள், கருங்கல் உடைக்கிற இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு வருவது. போட்டிக்குப் பிறகு அவளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

அண்ணா, கியூவில் இன்னும் இரண்டு எழுதிக்கொள்ளுங்கள். குவாரன்டைன், பத்து எழுத்து. 2020இல் பம்பைமடுவில் ஆட்களைத் தனிமைப்படுத்தி வைத்தார்களே, அந்தச் சொல். வெனிஸ் நகரத்துப் பேச்சில் நாற்பது என்பதிலிருந்து வந்தது, கொள்ளைநோய்க் காலத்தில் கப்பலில் வந்தவர்களை நாற்பது நாள் கரைக்கு விடாமல் வைத்திருந்தார்கள். அக்குவாகல்ச்சர், 11. அக்குவா தண்ணீர், கல்ச்சர் வளர்ப்பு, குளத்தில் மீன்குஞ்சு விட்டு வளர்ப்பது இதற்குள் வரும்.

ஒட்டுசுட்டான் தகப்பன்:
மெத்தப் பெரிய உபகாரம். ஒன்பது ஆகிவிட்டது. பத்தாவதாக அவளே பசளைக்கு ஃபெர்ட்டிலைசர் என்று எழுதினாள், எண்ணினால் சரியாகப் பத்து எழுத்து. ஆனால் எங்கள் வீட்டுப் பசளைப் பையில் இசட் வரவேண்டிய இடத்தில் எஸ் இருக்கிறது. எது சரி?

மாங்குளம் விஞ்ஞான ரீச்சர்:
இரண்டும் சரி. இங்கே எஸ் போட்டு எழுதுகிறவர்கள் அதிகம், ஒக்ஸ்போர்ட் அகராதியில் இசட். கொப்பியில் இசட் போட்டு எழுதி, பக்கத்தில் எஸ் வடிவத்தையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள், ரீச்சர் கேட்டால் அகராதியைக் காட்டலாம். ஃபெர்ட்டைல் என்றால் நன்றாக விளைகிறது, அந்தத் துண்டுக்குக் கருத்தை நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள் அண்ணா, வயல்காரர் நீங்கள்.