அம்மாவைக் கொஞ்சம் நிறமாகத் தீட்டலாமா? நீர்வண்ண முகப்பட வகுப்புகளில் நேர்ந்தவை

தொடக்கப் பகிர்வு (சிங்கப்பூர், ஈசூனிலிருந்து, வகுப்பு நடத்துபவர்)

நீர்வண்ணத்தில் முகம் தீட்டுவதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி எனக்கு 11 ஆண்டுகள் ஆகின்றன. வருபவர்களுக்குத் தூரிகை பிடிக்கத் தெரியாது என்பது ஒரு சிக்கலே அன்று. அதை இரண்டு வாரங்களில் சரிசெய்துவிடலாம். என்னை இன்றுவரை திணறடிப்பது வேறொன்று. ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்புத் தொடரிலும், பென்சில் கோடுகள் முடிந்து முதல் கலவையைக் குழைக்கும் நேரத்தில், யாராவது ஒருவர் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டீச்சர், அம்மாவைக் கொஞ்சம் நிறமாகப் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்பார். உங்கள் வகுப்புகளிலும் இந்தக் கேள்வி எழுகிறதா, எழுந்தால் என்ன சொல்கிறீர்கள் என்பதை அறியவே இதை எழுதுகிறேன். எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பேச்சில் "நிறம்" என்ற சொல்லே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. "பெண் நல்ல நிறம்" என்று ஒருவர் சொன்னால், என்ன நிறம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. "பிள்ளை சிவப்பு" என்பதில் சிவப்பு எங்கும் இல்லை. கறுப்பு என்று சொல்லத் தயங்கும் இடத்தில் மாநிறம் வருகிறது, மாநிறமும் கூடாதென்றால் புதுநிறம் வருகிறது. வண்ணப் பெட்டியைத் திறக்கும்போது இந்தச் சொற்களும் கூடவே மேசைக்கு வந்துவிடுகின்றன. அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்க்கப் பழக்குவதுதான் என் வகுப்பில் பாதி நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், அறுபதை நெருங்கிய ஓர் அம்மையார் சமூக மன்ற வகுப்பில் சேர்ந்தார். மறைந்த தாயாரின் படத்தைத் தீட்ட வேண்டும் என்பதைத் தவிர ஓவியத்தில் அவருக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை. கையில் இருந்தது பழைய அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மட்டுமே. அவர் தாம் வாங்கிவந்த 12 வண்ணக் குழாய்களில் "ஃப்ளெஷ் டின்ட்" என்று எழுதியிருந்ததைப் பிதுக்கி, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குழாயில் இருப்பது வெண்மை கலந்த வெளிர் இளஞ்சிவப்பு; அதற்கு "தோல்" என்று பெயர் வைத்தவர்கள் யாருடைய தோலை மனத்தில் கொண்டு வைத்தார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. கிரேயோலா நிறுவனம்கூடத் தன் "ஃப்ளெஷ்" கிரேயானின் பெயரை 1962இலேயே "பீச்" என்று மாற்றிக்கொண்டது. சில நீர்வண்ணக் குழாய்களில் அந்தப் பெயர் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

குழாயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவைப் பகலில் எந்த இடத்தில் அதிகம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவருடைய தந்தை செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறும்வரை குடும்பம் அங்கேயே, தொழிலாளர் குடியிருப்பில் இருந்திருக்கிறது. அந்த வீட்டின் பின்வாசற்படியில் அமர்ந்து அம்மா நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருப்பாராம். காலை வெயில் இடப்பக்கத்திலிருந்து வருமாம். தேங்காய் எண்ணெய் வழிந்த நெற்றி "கண்ணாடி மாதிரி மின்னும்" என்றார். ஒரு முகத்தைத் தீட்டத் தேவையான செய்திகளில் பெரும்பகுதி அந்த மூன்று வாக்கியங்களில் கிடைத்துவிட்டது. எஞ்சியதைக் கறுப்பு வெள்ளைப் படமே சொன்னது: கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கன்னத்தின் சாம்பல் எவ்வளவு அடர்த்தி என்று தெரியும்; அந்த அடர்த்திக்கு இணையாகத்தான் வண்ணமும் இருக்க வேண்டும்.

பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை அடிப்படையாக வைத்து, வெயில் படும் பக்கத்தில் சிறிது மஞ்சள் காவியும், கன்னத்தில் குவினாக்ரிடோன் ரோஸ் என்ற இளஞ்சிவப்பும், நிழலில் அல்ட்ராமரின் நீலமும் சேர்த்தோம். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெண்மைதான் என்பதால், மின்னும் நெற்றியை முதலிலேயே வரைந்து, அங்கே தூரிகை படாமல் காக்க வேண்டும். வெளிர்ந்த தோலில் இந்த ஒளிப்புள்ளி பக்கத்து நிறத்தோடு கரைந்துவிடும். கருந்தோலில் அது சுற்றியுள்ள அடர்த்தியின் நடுவே பளிச்சென்று நிற்கும். அதன் ஓரத்தில் வானத்தின் நீலம் மெல்லியதாகப் படர்ந்திருப்பதையும் பார்க்கலாம். என்னைக் கேட்டால், இந்த ஊடகத்தில் தீட்டுவதற்கு நம் முகங்களைவிட வாய்ப்பானவை இல்லை என்பேன். உதடு சிவப்பில்லை, ஊதாவும் பழுப்பும் கலந்தது. கண்ணின் வெண்மை வெண்மையில்லை. தாடைக்குக் கீழே உடுத்தியிருக்கும் சேலையின் நிறம் தெறித்திருக்கும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுகொள்ளும்போது வகுப்பில் எழும் வியப்பு எனக்கு இன்றும் சலிக்கவில்லை.

ஆயினும் அந்த அம்மையார் நடுவில் பயந்துவிட்டார். நீர்வண்ணம் ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிந்து, காய்ந்தபின் வெளிறும். அதை அறியாதவர்கள் ஈரக் கலவையைப் பார்த்த உடனே "ஐயோ, கறுத்துவிட்டது" என்று தண்ணீரை ஊற்றி வெளுக்கவைத்துவிடுவார்கள். அதனால் இப்போதெல்லாம் கலவையைத் தனித் தாள் துண்டில் தடவி, காயவைத்துப் பார்க்காமல் யாரையும் முகத்தில் கைவைக்க விடுவதில்லை. காயவைப்பது இங்கே தனிக் கதை. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், குளிரூட்டிய அறைக்குள் சில நிமிடங்களில் காய்வது, அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் அரை மணி நேரம் கழித்தும் தொட்டால் ஒட்டும். ஒருமுறை பொறுமையிழந்து நான்கு முடி உலர்த்திகளை ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகிவிட்டோம்; ஒவ்வொன்றும் 1,600 வாட், 13 ஆம்பியர் ஃபியூஸ் எப்படித் தாங்கும்? பாதி வகுப்பை விசிறிக்கொண்டே முடித்தோம்.

அந்தப் படம் ஆறாவது வாரத்தில் முடிந்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா இவ்வளவு கறுப்பு என்று எனக்கு மறந்தே போயிருந்தது" என்றார். அது மகிழ்ச்சியா, வருத்தமா என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை; கேட்கவும் துணியவில்லை.

இரண்டாம் பகிர்வு (தெம்பனிஸிலிருந்து, கற்றுக்கொண்டிருப்பவர்)

டீச்சர், உங்கள் பதிவைப் படித்ததும் என் வீட்டில் மூன்று மாதங்களாக ஓடும் வழக்கை இங்கே கொண்டுவர வேண்டும் என்று தோன்றியது. நான் உங்கள் மாணவன் அல்லன். வேறோர் இடத்தில், பணி ஓய்வுக்குப் பிறகு சேர்ந்தவன். எங்கள் 35ஆம் திருமண நாளுக்கு மனைவியின் முகத்தைத் தீட்டினேன். கைப்பேசியில் எடுத்த படங்களை நம்பவில்லை. அந்தக் கருவி தானாகவே முகத்தைக் கழுவித் துடைத்து வெளுக்கவைத்து, மூக்கையும் கொஞ்சம் மெலியவைத்துவிடுகிறது. எனவே அவர் சமையலறையில் நிற்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, நீங்கள் சொல்வதுபோல உள்ளதை உள்ளபடி தீட்டினேன்.

அவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "நான் என்ன நிறம் என்று எனக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வருடங்களாக எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நீங்களுமா?" படம் இப்போது அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது.

இதில் அவர் பக்கம் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெண் பார்க்க வந்த அன்று என் அத்தை ஒருவர் கூடத்திலேயே உரக்கச் சொன்ன ஒரு சொல்லை அவர் இன்னும் மறக்கவில்லை. உண்மையைத் தீட்டுகிறோம் என்று நாம் பெருமைப்படலாம். அந்த உண்மையால் அடி வாங்கியவர் எதிரே அமர்ந்திருக்கும்போது அது இன்னோர் அடியாகவே படுகிறது. முகம் யாருடையதோ அவருக்கு அதில் எவ்வளவு உரிமை உண்டு என்பதையும் ஆசிரியர்கள் சொல்லித்தர வேண்டும்.

மூன்றாம் பகிர்வு (ஜூரோங்கிலிருந்து, சிறுவர்களுக்குக் கற்பிப்பவர்)

பெரியவர்களிடம் நீங்கள் காண்பது எட்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. நான் விடுமுறைக்கால வகுப்புகளில் பிள்ளைகளை இருவர் இருவராக எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் முகத்தை மற்றவர் தீட்டச் செய்வேன். ஒருமுறை ஒரு தமிழ்ச் சிறுமியும் ஒரு சீனச் சிறுமியும் இணையாக அமர்ந்தார்கள். சீனச் சிறுமி எந்தத் தயக்கமும் இல்லாமல் பழுப்பில் நீலத்தைக் கலந்து, தன் கையில் தடவி, தோழியின் கைக்கு அருகே வைத்து, போதவில்லை என்று மேலும் கலந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அது பச்சைக்கும் மஞ்சளுக்கும் உள்ள வேறுபாடு மாதிரிதான். தமிழ்ச் சிறுமியோ தன் முறை வந்து தன்னையே தீட்டச் சொன்னபோது, என்னிடம் வந்து "ஸ்கின் கலர்" வேண்டும் என்று கேட்டாள். அவள் நீட்டிக் காட்டியது வெளிர் பீச் நிறத்தை.

நான் அப்போது செய்தது ஒன்றுதான்: ஓவியர் எஸ். இளையராஜாவின் படங்கள் சிலவற்றைக் கைப்பேசியில் காட்டினேன். 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோகும்வரை, கும்பகோணப் பக்கத்துக் கிராமத்துப் பெண்களை, அடுப்படி வெளிச்சத்திலும் சன்னல் வெளிச்சத்திலும், அவர்களுடைய கறுப்பிலேயே அத்தனை அழகாகத் தீட்டிக்கொண்டிருந்தவர். சிறுமி ஒரு படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "இந்த அக்கா மூஞ்சியில் நீலம் இருக்கு" என்றாள். பிறகு போய் நீலத்தை எடுத்துக்கொண்டாள். அவள் தீட்டிய முகம் அவள் சாயலில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எட்டு வயதில் அது தேவையும் இல்லை.

பக்கக் குறிப்பாக ஒன்று: தாளைத் திறந்த அலமாரியில் வைக்காதீர்கள். வண்ணம் சட்டென ஊறாமல் காக்கும் பசை தாளின் மேல் உண்டு; இந்த ஊர் ஈரத்தில் அது கெட்டுவிட்டால், உலர்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. வண்ணம் பட்டதும் அந்த இடங்கள் மட்டும் ஒற்றுத்தாள்போல உறிஞ்சிப் புள்ளி புள்ளியாகக் கறுக்கும். என் மாணவனின் தாத்தா படத்தில் அப்படி ஆகி, அவருக்கு அம்மை போட்டிருந்ததா என்று வந்தவர்கள் எல்லாரும் விசாரித்தார்கள். புகைப்படக் கருவி வைக்கும் உலர்பெட்டி நம் தாளுக்கும் பொருந்தும்.

தொடங்கியவரின் மறுமொழி

தெம்பனிஸ் ஐயாவுக்கு: உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அதற்கான விடையை நீங்கள்தான் 35 ஆண்டுகளாகத் தேடியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்; தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஓர் ஐயம் எழுகிறது. சமையலறையில் ஓரக்கண்ணால் பார்த்துத் தீட்டியதாகச் சொல்கிறீர்கள். அங்கே கூரைக் குழல்விளக்கு எரிந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். மேலிருந்து விழும் அந்த வெளிச்சத்தில் கண்குழிகள் இருண்டு, கன்னம் தட்டையாகி, யார் முகமும் களைத்தே தெரியும். நிழலுக்குக் கறுப்புக் குழாயைப் பயன்படுத்தியிருந்தால் சாம்பல் பூத்ததுபோல் ஆகியிருக்கும். அவரை வருத்தியது நிறத்தின் அடர்த்தியா, அல்லது அந்த நிறத்தில் ஒளியே இல்லாமல் போனதா?

படத்தை வெளியே எடுத்துப் பாருங்கள். பருத்தித் தாளில், சதுர மீட்டருக்கு 300 கிராம் கனத்தில் தீட்டியிருந்தால், நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் ஈரத் தூரிகையால் மெல்லத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுக்கலாம். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் பெருமளவு கிளம்பி வந்துவிடும். குவினாக்ரிடோன் வகைகள் தாளில் ஊறிப்போயிருக்கும், அவற்றோடு போராட வேண்டாம். அதைவிட நல்லது, இன்னொன்று தீட்டுவது. இந்த முறை அவருக்குத் தெரியாமல் பார்க்காதீர்கள். காலை ஒன்பது மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டு, சன்னலுக்குப் பக்கவாட்டில் அவரை நாற்காலியில் அமரவையுங்கள். இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்துவந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். அம்மாவைக் கொஞ்சம் நிறமாகப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் "கூடாது" என்று சொல்வதில்லை, "முதலில் வெளிச்சத்தைப் போடுங்கள், பிறகும் தேவைப்பட்டால் பேசலாம்" என்றுதான் சொல்கிறேன். பெரும்பாலானோர் பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை. சிலர் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் விருப்பப்படி தீட்ட உதவியும் இருக்கிறேன்.

தெம்பனிஸிலிருந்து

நீங்கள் ஊகித்தது சரி. கறுப்புக் குழாயைத்தான் பயன்படுத்தினேன். உங்கள் மறுமொழியை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். 35 ஆண்டுகள் பற்றிய வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அமர ஒப்புக்கொண்டிருக்கிறார். சேலையின் நிறம் தாடைக்குக் கீழே தெறிக்கும் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, மாம்பழ மஞ்சள் கட்டுவதா, மயில்நீலம் கட்டுவதா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.